பல் பிரிட்ஜுக்கு அடியில் நூலை விடுங்கள், ஊக்கை விடாதீர்கள்

முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறார்கள். கடிதம் நீளம், சுருக்கித் தருகிறேன்.

"வயது 54. வீட்டில் பீடி சுற்றுகிறேன். வலது பக்கம் கீழ்க் கடவாய்ப்பல் ஒன்று சொத்தையாகி, எடுத்துவிட்டு, மூன்று பல்லாகச் சேர்த்து பிரிட்ஜ் கட்டினேன். கட்டிப் பத்து மாதம் ஆகிறது. பின்னால் இருந்த பல்லுக்கு ரூட் கேனல் செய்து கேப் போட்டார்கள், முன்னால் இருந்த பல்லுக்கு ரூட் கேனல் செய்யாமலே போட்டார்கள். இப்போது கொஞ்ச நாளாகச் சோறு அடியில் போய் மாட்டிக்கொள்கிறது. காலையில் அந்தப் பக்கம் ஒரு வாடை. ஐஸ் தண்ணீர் பட்டால் கூசுகிறது. ஊக்கை வைத்துத்தான் குத்தி எடுக்கிறேன். பக்கத்து வீட்டு மதினி, ராத்திரி அதைக் கழற்றித் தண்ணீரில் போட்டு வைக்கணும், நீ செய்யாததால்தான் நாறுது என்கிறாள். நானும் ஆட்டிப் பார்த்தேன், வரவில்லை. கட்டினவரிடம் கேட்டதற்கு நல்லா தேயுங்க என்று மட்டும் சொன்னார். எனக்கு சுகர் இருக்கிறது. பல்பொடி போட்டுத் தேய்க்கலாமா? இது எத்தனை வருஷம் வரும்? போட்ட காசு போச்சா?"

அக்கா, முதல் வேலையாக அந்த ஊக்கைச் சேலையிலேயே குத்தி வைத்துக்கொள்ளுங்கள், வாய்க்குள் வேண்டாம். ஊக்கு, குண்டூசி, விளக்குமாற்று ஈர்க்கு, தீக்குச்சி எல்லாமே ஒரே கணக்குதான். கேப்பின் விளிம்பு ஈறோடு சேருகிற இடம் ரொம்ப மெல்லிசானது, அங்கே கூர்மையாக எதையாவது விட்டு நெம்பினால் ஈறு கிழியும், சுகர் இருக்கிறவர்களுக்கு அந்தப் புண் ஆறுவதற்கும் நாளாகும். ஈர்க்கு நுனி ஒடிந்து ஈறுக்குள்ளேயே தங்கி, ஈறு வீங்கி, பல்லில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களைப் பல் டாக்டர்களான நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம்.

அப்புறம் மதினி சொன்னது. அவர் சொல்வது கழற்றி மாட்டுகிற பல்செட்டுக்குச் சரி. அதை ராத்திரி கழற்றிக் கழுவித் தண்ணீரில் போட்டுத்தான் வைக்கணும், வெந்நீரில் மட்டும் போடக்கூடாது, வளைந்துவிடும். உங்களுடையது ஃபிக்ஸட் பல். சிமெண்ட் வைத்து ஒட்டியது, நீங்கள் கழற்ற வேண்டியதும் இல்லை, கழற்றவும் முடியாது. பல் டாக்டர் கழற்றுவதாக இருந்தாலே பல நேரம் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். நல்லவேளை, நீங்கள் ஆட்டியபோது வரவில்லை. இனிமேல் ஆட்ட வேண்டாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நடுவில் இருப்பது வேர் இல்லாத பல். ஈறின் மேல் லேசாகத் தொட்டும் தொடாமலும் உட்கார்ந்திருக்கும். அதைத் தாங்குவது உங்கள் சொந்தப் பல் இரண்டும்தான், முன்னாலும் பின்னாலும் செதுக்கி கேப் மாட்டியிருக்கிறதே, அவை. செராமிக் ஆகட்டும், ஜிர்கோனியா ஆகட்டும், கட்டின பல் சொத்தையாகாது. இதைக் கேட்டுவிட்டுத்தான் நிறையப் பேர், "காசு போட்டுக் கட்டியாச்சு, இனி இதுக்கு ஒண்ணும் வராது" என்று விட்டுவிடுகிறார்கள். கேப்புக்குள் இருக்கிற பல் சொத்தையாகும். கேப்பின் விளிம்பு முடிகிற இடத்தில், ஈறு ஓரமாக, அழுக்கு தங்கித் தங்கி அங்கே ஆரம்பித்து உள்ளே போகும். வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும், உள்ளே பல் மாவாகிக்கொண்டிருக்கும். அதிலும் உங்கள் பின்பல்லுக்கு ரூட் கேனல் செய்திருக்கிறது, அதில் நரம்பு கிடையாது. சொத்தை எவ்வளவு ஆழம் போனாலும் அது வலித்துக் காட்டிக் கொடுக்காது. வலி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இந்தப் பல்லை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

அதனால் "நல்லா தேயுங்க" என்று அவர் சொன்னது தப்பில்லை, பாதிதான். பிரஷ் மேலேயும் பக்கவாட்டிலும் தேய்க்கும். நடுப்பல்லின் அடியில் போகவே போகாது. சாதாரணப் பல்லுக்கு இடையில் மேலேயிருந்து நூலை இறக்கலாம், உங்களுக்கு மூன்றும் ஒட்டியிருப்பதால் மேலே வழி இல்லை, பக்கவாட்டில்தான் நுழைக்கணும். இதை யாராவது ஒருமுறை கண்ணாடி வைத்துச் செய்து காட்டியிருந்தால் உங்கள் கடிதத்தில் பாதிக்கு வேலையே இருந்திருக்காது. பல் கட்டின அன்று பெரும்பாலான இடங்களில் இதற்குத்தான் நேரம் இருப்பதில்லை. எங்கள் ஆட்களைச் சொல்கிறேன்.

என்ன வாங்க வேண்டும்? சூப்பர் ஃப்ளாஸ் என்று கேளுங்கள். ஒவ்வொரு துண்டாக வெட்டி வரும். ஒரு முனை விறைப்பாக ஊசி மாதிரி, நடுவில் பஞ்சு மாதிரி புசுபுசுவென்று, மீதி சாதாரண நூல். அது கிடைக்காவிட்டால் சாதாரண ஃப்ளாஸ் நூலும், அதைக் கோர்க்கிற பிளாஸ்டிக் ஊசியும் வாங்கலாம், த்ரெட்டர் என்பார்கள். காது பெரிய ஊசி, வளையும், குத்தாது. சின்ன மெடிக்கலில் கேட்டால் முழிப்பார்கள், திருநெல்வேலி டவுனிலோ ஜங்ஷனிலோ பெரிய கடையில் கேளுங்கள், இல்லையென்றால் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லி ஆன்லைனில் வரவழையுங்கள். நாள் முழுக்க நூலோடு பழகின கை உங்களுடையது, மற்றவர்களுக்கு ஒரு வாரம் எடுக்கிறது உங்களுக்கு இரண்டாம் நாளே பிடிபட்டுவிடும். ஆனால் பீடி நூலையே எடுத்து விட்டுவிடாதீர்கள். அது மெல்லிசு, இறுக்கம், இழுத்தால் ஈறை அறுத்துவிடும். அதோடு தூள் பட்ட கையை வாய்க்குள் விடக்கூடாது, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் உட்காரணும்.

கண்ணாடிக்கு முன்னால், வெளிச்சம் வாயில் விழுகிற மாதிரி உட்காருங்கள். கன்னத்துப் பக்கமிருந்து விறைப்பு முனையை, நடுப்பல்லும் கேப் போட்ட பல்லும் சேருகிற மூலையில், ஈறை ஒட்டி உள்ளே தள்ளுங்கள். நாக்குப் பக்கம் முனை எட்டிப் பார்க்கும், அதைப் பிடித்து மெல்ல இழுங்கள், பஞ்சுப் பகுதி அடியில் வந்து நிற்கும். இப்போது இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு, நடுப்பல்லின் அடிவயிற்றைத் துடைக்கிற மாதிரி முன்னும் பின்னுமாக நாலைந்து தடவை. பிறகு நூலைக் கேப் போட்ட பல்லின் பக்கவாட்டில் அணைத்து மேலும் கீழுமாக நாலைந்து தடவை. இந்த இரண்டாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், சொத்தை விழுகிற விளிம்பு அங்கேதான் இருக்கிறது. அந்தப் பக்கத்துக் கேப்புக்கும் இதேபோல் செய்துவிட்டு, ஒரு முனையை விட்டுவிட்டு மறு முனையைப் பக்கவாட்டில் உருவுங்கள். ராத்திரி ஒரு வேளை போதும். முதல் சில நாள் ரத்தம் கசியும், பயந்து நிறுத்தாதீர்கள், வீங்கின ஈறு அப்படித்தான் கசியும், சுத்தம் ஆக ஆக நின்றுவிடும். இரண்டு வாரம் தாண்டியும் கசிந்தால் காட்டுங்கள்.

உருவின நூலை அப்படியே எறியாமல் முகர்ந்து பாருங்கள். சொல்வதற்கு அசிங்கம்தான், ஆனால் செலவில்லாத டெஸ்ட் இது. முதல் நாள் நாற்றம் தூக்கும். தினமும் செய்து, பத்து நாளில் நூலில் வாடை குறைந்துவிட்டால் உங்கள் வாடைக்குக் காரணம் அடியில் தங்கின அழுக்கு, அவ்வளவுதான். பத்து நாள் கழித்தும் அதே வாடை, அதுவும் ஒரு பக்கத்து மூலையில் மட்டும் வருகிறது என்றால் அங்கே கேப்புக்குள் சிமெண்ட் பிடிப்பு விட்டிருக்கலாம், உள்ளே எச்சில் போய் வந்துகொண்டிருக்கலாம்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் "கொஞ்ச நாளாக" என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டின நாளிலிருந்தே சோறு மாட்டுவது வேறு, திடீரென்று மாட்ட ஆரம்பிப்பது வேறு. பல் எடுத்த இடத்தில் எலும்பும் ஈறும் மாதக்கணக்கில் வற்றிக்கொண்டே வரும், முதல் சில மாதம் வேகமாக, பிறகு மெதுவாக. பல் எடுத்துக் கொஞ்ச நாளிலேயே பிரிட்ஜ் கட்டியிருந்தால், அன்றைக்கு ஈறைத் தொட்டுக்கொண்டிருந்த நடுப்பல்லுக்கு அடியில் பிறகு இடைவெளி விழும். அதனால்தான் அவசரமில்லாத இடத்தில் இரண்டு மூன்று மாதம் பொறுத்துக் கட்டச் சொல்வது. இந்த இடைவெளி பெரிய ஆபத்தில்லை, நூலும் இடைப் பிரஷும் போட்டுச் சமாளிக்கலாம். இடைப் பிரஷ் என்பது பாட்டில் கழுவுகிற பிரஷைப் பொடிசாக்கின மாதிரி இருக்கும், பல அளவில் வரும், திணிக்காமல் நுழைகிற அளவாகப் பார்த்து வாங்கணும். இன்னொரு காரணம், பிரிட்ஜுக்கு அடுத்த பல்லில் சொத்தை விழுந்து இடையில் சந்து விடுவது. மூன்றாவது காரணம்தான் நான் சொன்ன சிமெண்ட். இரண்டு பக்கமும் விட்டால் பிரிட்ஜ் கையோடு வந்துவிடும், தெரிந்துபோகும். ஒரு பக்கம் மட்டும் விட்டு மறு பக்கம் பிடித்துக்கொண்டிருந்தால் விழாது, ஆடுவதும் தெரியாது, உள்ளே மட்டும் சொத்தை வேகமாக ஓடும். விழுந்த பிரிட்ஜைவிட இப்படிப் பாதி பிடித்திருக்கிற பிரிட்ஜ்தான் பல்லைக் கெடுக்கிறது. டாக்டர் மேலே அழுத்திவிட்டு விளிம்பில் எச்சில் குமிழி வருகிறதா என்று பார்ப்பார், எக்ஸ்ரே எடுப்பார், ஓரத்தைக் கருவியால் தடவிப் பார்ப்பார். வீட்டில் நீங்கள் பார்க்கிற வேலை இல்லை அது.

கூச்சம் கேப் போட்ட இரண்டில் முன்னால் இருக்கிற பல்லில்தான் இருக்கும், நரம்பு உயிரோடு இருப்பது அது ஒன்றில்தானே. கட்டின புதிதில் சில வாரம் கூசுவது சகஜம். பத்து மாதம் கழித்துப் புதிதாகக் கூசுகிறது என்றால் ஈறு இறங்கி வேர் வெளியே தெரிகிறதா, விளிம்பில் சொத்தையா என்று பார்த்தே ஆகணும். குளிர்ந்தது பட்டவுடன் சுருக்கென்று கூசி உடனே போய்விட்டால் அவசரமில்லை, ஒரு வாரத்துக்குள் போகலாம். சூடு பட்டால் வலிக்கிறது, வலி நிமிஷக்கணக்கில் நிற்கிறது, ராத்திரி எழுப்புகிறது, கடித்தால் சுள்ளென்கிறது, இதில் ஏதாவது இருந்தால் நாளைக்கே போங்கள். வீக்கமோ காய்ச்சலோ சேர்ந்தால் அன்றைக்கே.

பல்பொடி வேண்டாம். கரி, உப்பு, செங்கல்பொடி எதுவும் வேண்டாம். விரலில் நறநறவென்று படுகிற பொடி ஈறு ஓரத்தில் வேரைத் தேய்க்கும், ஈறு இறங்கும், விளிம்பு வெளியே வரும். ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று சொன்ன காலத்தில் பிரிட்ஜ் கிடையாது. வேப்பங்குச்சி மெல்லுவதே உங்கள் வழக்கம் என்றால் இடது பக்கம் மென்றுகொள்ளுங்கள். மெத்தென்ற பிரஷ், ஃப்ளோரைடு சேர்ந்த பேஸ்ட், டியூபின் பின்னால் 1000 பிபிஎம் என்று போட்டிருக்கும், அதுவே போதும், பிராண்டு எதுவானாலும் சரி. பிரஷை ஈறுப் பக்கம் சாய்த்துப் பிடித்து, ஈறும் கேப்பும் சேருகிற கோட்டில் மெதுவாக ஆட்டுங்கள், மொத்த வாய்க்கும் இரண்டு நிமிஷம். காலையில் தேய்ப்பதைவிட ராத்திரி தேய்ப்பது முக்கியம், தூக்கத்தில் எச்சில் ஊறுவது குறைந்துவிடும், அப்போதுதான் கிருமிக்குக் கொண்டாட்டம். தேய்த்ததும் நுரையைத் துப்புங்கள், செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்க வேண்டாம், ஃப்ளோரைடு கொஞ்சம் தங்கட்டும். மவுத்வாஷ் வாடையை மறைக்கும், அடியில் ஒட்டியிருப்பதை எடுக்காது. சில மவுத்வாஷ் தொடர்ந்து போட்டால் பல் பழுப்பாகிவிடும், டாக்டர் சொன்னால் சொன்ன நாள் வரை மட்டும். நல்லெண்ணெய் கொப்பளிக்கிறது உங்கள் விருப்பம், நூலுக்குப் பதிலாக அது ஆகாது.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நம்ம ஊரில் இதைச் சொல்லாமல் விட முடியாது. அல்வா சாப்பிடலாம். நெய் மிதக்கிற நம்ம அல்வா வழுக்கிக்கொண்டு போய்விடும், நிரந்தர சிமெண்ட் வைத்து ஒட்டின பிரிட்ஜை அது பிடுங்காது. (உங்களுக்கு சுகர் என்பதால் அல்வாவில் வேறு பிரச்சினை இருக்கிறது, அது உங்களுக்கே தெரியும்.) தாற்காலிக சிமெண்டில் வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிற நாளில் மட்டும் அல்வா, ஜவ்வு மிட்டாய், பேரீச்சம்பழம் எல்லாம் தள்ளி வையுங்கள். கோவில்பட்டிக் கடலைமிட்டாய், கொட்டைப்பாக்கு, ஆட்டெலும்பு, ஐஸ் கட்டி இவற்றை அந்தப் பக்கம் வைத்துக் கடிக்காதீர்கள், செராமிக் சில்லுப் பெயரும், பெயர்ந்ததை வாயில் வைத்தே சரிசெய்வது எப்போதும் முடிகிற காரியம் இல்லை. பொங்கலுக்குக் கரும்பைப் பல்லால் உரிப்பது கூடவே கூடாது. பனங்கிழங்கு நார் பிரிட்ஜுக்கு அடியில் போய்ச் சுற்றிக்கொள்ளும், தை மாதம் என்னிடம் வருகிறவர்களில் சிலர் அதற்காகவே வருகிறார்கள். கிழங்கை நார் உரித்துப் பொடியாக ஒடித்துச் சாப்பிடுங்கள், அன்றைக்கு ராத்திரி நூலை மறக்காதீர்கள். வெற்றிலை போடுகிற பழக்கம் உண்டா என்று எழுதவில்லை. உண்டென்றால் கறை கேப்பின் ஓரத்தில் காரையாகப் படியும், அதில் புகையிலை சேர்த்தால் நான் பிரிட்ஜைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு வேறு பேச வேண்டியிருக்கும்.

சுகர். ஈறு வீக்கமும் சுகரும் ஒன்றையொன்று தூக்கிவிடுகிறவை. சுகர் ஏறினால் ஈறு சீக்கிரம் கெடும், ஈறில் சீழ் இருந்தால் சுகர் இறங்க அடம்பிடிக்கும். எலும்பு கரைந்தால் தாங்குகிற பல்லே ஆடும், அப்புறம் பிரிட்ஜ் எவ்வளவு நல்லதாக இருந்து என்ன. மூன்று மாத சராசரி பார்க்கிற ஹெச்பிஏ1சி எவ்வளவு என்று பல் டாக்டருக்கும் சொல்லுங்கள். வாய் வறண்டே இருக்கிறதென்றால் அதையும் சொல்லுங்கள், வறண்ட வாயில் சொத்தை வேகமாக விழும்.

ஒருவேளை பிரிட்ஜ் கழன்று வந்துவிட்டால்? கழுவி ஒரு டப்பியில் போட்டுப் பத்திரமாக எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று நாளுக்குள் போங்கள். பல இடத்தில் பல் நன்றாக இருந்தால் அதையே திரும்ப ஒட்டிவிடலாம். செருப்பு ஒட்டுகிற பசையை வைத்து வீட்டிலேயே ஒட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. கோணலாக ஒட்டிப்போய், ஈறு வெந்து, கடைசியில் நல்ல பிரிட்ஜை வெட்டி எடுக்க வேண்டியதாகிவிடுகிறது. சும்மா எடுத்துச் சொருகிக்கொண்டு தூங்கவும் கூடாது, தூக்கத்தில் தொண்டைக்குள் போய்விட்டால் பெரிய வம்பு. மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால் செதுக்கின பல் நகர்ந்துவிடும், பிறகு பழையது உட்காராது.

எத்தனை வருஷம் வரும் என்றால், பொதுவாக 10 முதல் 15 வருஷம் என்று சொல்வோம். அதைத் தாண்டியும் ஓடுகிறது, மூன்று வருஷத்தில் போவதும் இருக்கிறது. ராத்திரி பல்லை நறநறவென்று கடிக்கிற பழக்கம் இருந்தால் குறையும். போட்ட காசு போகவில்லை அக்கா, பத்து மாதத்தில் நீங்கள் சொல்கிற அறிகுறியோடு வந்தால் பல நேரம் சுத்தம் பண்ணி, நூல் போடச் சொல்லிக் கொடுத்து அனுப்புவதோடு முடிந்துவிடும். சிமெண்ட் விட்டிருந்தாலும் இப்போதே தெரிந்தால் பல்லைக் காப்பாற்றலாம். ஆறு மாதத்துக்கு ஒருதடவை காட்டிக்கொண்டிருங்கள், வலி இல்லாவிட்டாலும்.

கட்டினவரிடமே முதலில் போங்கள், அவர் என்ன சிமெண்ட், என்ன மெட்டீரியல் வைத்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். "நல்லா தேயுங்க" என்று மறுபடி சொன்னால் எழுந்து வராமல், "பின்பல்லு கேப் உள்ளே சிமெண்ட் விட்டிருக்கா, ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்க" என்று நேராகவே கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அங்கே போக மனமில்லையென்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் பல் பிரிவு இருக்கிறது, காலையிலேயே போய் ஓ.பி. சீட்டுப் போட்டுவிடுங்கள். சாப்பிடாமல் போக வேண்டாம், மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டே போங்கள். சுகர் ரிப்போர்ட்டும் மாத்திரைச் சீட்டும், பல் கட்டினபோது எடுத்த எக்ஸ்ரே வீட்டில் இருந்தால் அதுவும் கையில் இருக்கட்டும்.